மூடாத கதவு மூடிய மாலை

இறந்தவரின் மண்டையோட்டுச் சில்லு ஒன்று லாட்டி கிரென்ஷாவின் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெல்ஃபோர்ட் ஷெரிஃப் அவரைச் சிறையில் அடைப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கம்பிகளுக்கு அப்பால் அமர்ந்திருந்த லாட்டிக்கு அறுபது வயதிருக்கும். வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டிய அவருடைய கைகள் விலங்கில் கோக்கப்பட்டு மடியில் கிடந்தன. வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை.

"கதவு தானாத் திறந்துச்சு, மிஸ் வெர்லீன். எத்தன தடவ கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

"மொதல்லேர்ந்து சொல்லுங்க, மிஸ் லாட்டி. புதன்கிழமை சர்ச்லேர்ந்து வந்தீங்க. அப்புறம்?"

"வீடு இருட்டா இருந்துச்சு. நடையில கால வெச்சேன். எவனோ பின்னாலேர்ந்து கழுத்தப் பிடிச்சு அந்தப் பின்ரூமுக்குள்ள எறிஞ்சான். கதவ அறைஞ்சு சாத்திட்டான். உள்பக்கம் பிடி கழண்டு விழுந்து வருசக்கணக்காச்சு. நகம் பிய்யிற வரைக்கும் பிறாண்டினேன்."

"முகத்தப் பாத்தீங்களா?"

"இல்ல. வேர்வையும் ஈரமண்ணும் கலந்த வாடைதான் வந்துச்சு. வெளிய ஒருத்தர் முனகிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஒரு அடி விழுந்துச்சு. தர்பூசணி தரையில விழுந்தாப்பல. அதுக்கப்புறம் முனகல் இல்ல." லாட்டி விலங்கோடு கைகளை மடியிலிருந்து தூக்கினார். "கொஞ்ச நேரம் கழிச்சு வீடே பெருமூச்சு விட்டுச்சு. சுவர்க்காரை தலையில கொட்டுச்சு. கதவு டப்புன்னு தெறிச்சுத் தானாத் திறந்துச்சு. வெளிய வந்தேன். காலுக்கடியில ஹார்லன் பாய்கின் கெடந்தாரு. தலையத் தூக்கி மடியில வெச்சேன். பாதித் தலை கையோட வந்துச்சு."

வெர்லீன் டேட்டமின் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த டூயி ஸ்காகின்ஸ் தொண்டையைச் செருமினான்.

"வீட்டுக்கும் ஆஸ்துமா போல."

"தம்பி," என்றார் லாட்டி, "நாளைக்குக் காலையில என்னை ஜட்ஜு முன்னாடி நிறுத்துறாங்க. அரசு வக்கீலு விஷ ஊசி கேக்கப் போறாராம். உன் ஜோக்கெல்லாம் அதுக்குள்ள சொல்லி முடிச்சிடு."

டூயி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது மன்னிப்புக் கேட்பதற்குச் சமம்.

வெர்லீன் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் புலனாய்வாளர். அவருடைய இடுப்பில் துப்பாக்கிக்குப் பதிலாக இரும்பு மட்டப்பலகை ஒன்றும், நூலில் கட்டிய பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்றும் தொங்கும். உரிமமின்றி வீடுகளைத் தூக்கி நிறுத்தியதற்காக டூயியைப் பிடித்தவர் அவரே. உரிமத்தேர்வை அவன் மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றபின், இத்தொழிலின் திருட்டு வழிகள் அனைத்தையும் அறிந்த ஒருவன் தமக்கு வேண்டுமென்று உதவியாளாக வைத்துக்கொண்டவரும் அவரே.

மிசிசிப்பியின் நடுப்பகுதியில், மழையில் வீங்கி வெயிலில் சுருங்கும் களிமண்ணின்மேல் ஊர்கள் நிற்கின்றன. வீடு ஒரு மூலையில் இறங்கும், சுவர் பிளக்கும், வீட்டுக்காரர் அஸ்திவாரம் செப்பனிடுபவனைத் தேடி ஓடுவார். இந்த மாநிலத்தில் நகத்துக்குச் சாயம் பூசுபவளும் உரிமம் பெற்றாக வேண்டும். முடி திருத்துபவர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றாக வேண்டும். ஆனால், ஒரு குடும்பம் உறங்கும் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் ராய்ஸ் லெட்பெட்டர் என்பவன், ஹார்லன் பாய்கின் என்னும் முதியவர் தேர்வெழுதிப் பெற்ற உரிமத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தினான். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. சென்ற குளிர்காலத்தில் ஃபெல்டர் தெருவில் அவனுடைய ஆட்கள் ஒரு வீட்டைத் தூக்கியபோது எரிவாயுக் குழாய் இணைப்பில் பிய்ந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாய், தந்தை, இரண்டு பெண் குழந்தைகள். அந்த வீட்டின் கூரை அடுத்த தெருவில் கிடைத்தது.

அதன்பிறகே விசாரணை தொடங்கிற்று. லெட்பெட்டர் கெடுத்த வீடுகளுள் லாட்டியின் வீடும் ஒன்று. பின்னறைக் கதவு மூன்றாண்டுகளாக இரண்டு விரல் அளவு இடறி மூடாமலே இருக்கிறது என்று அவர் முதல் விசாரணையில் சத்தியம் செய்து, படமும் காட்டினார். அதே விசாரணைக் கூடத்தில் பாய்கினை நோக்கி, "ஒன் மண்டைய உடைச்சு அந்த அஸ்திவாரத்துக்கு அடியிலயே பொதைப்பேன்" என்றும் கத்தினார். அவர் சொன்ன அந்த இரண்டும் இப்போது அவர் கழுத்தையே சுற்றின. ஏனெனில், எதிர்வரும் திங்கட்கிழமை தம் உரிமம் வாடகைக்குப் போன கதை முழுவதையும் சொல்வதாக ஒப்புக்கொண்ட பாய்கின், லாட்டியின் வீட்டு நடையில் அடித்துக் கொல்லப்பட்டார்.

*

ஷெரிஃப் பர்விஸ் பின்னறைக் கதவைக் காலால் எட்டி உதைத்தார். கதவு நிலையில் மோதித் திரும்பி வந்தது. மீண்டும் உதைத்தார். மீண்டும் திரும்பி வந்தது. நடையின் தரைப்பலகையில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. ஈக்கள் எழுந்து அமர்ந்தன.

"பாத்துக்குங்க மேடம். இந்தக் கதவு மூடாதுன்னு அந்தம்மாவே பைபிள் மேல கை வெச்சுச் சொல்லியிருக்கு. மூடாத கதவுக்குப் பின்னாடி ஒரு ஆள எப்படி அடைக்கிறது?"

"மரியாதையாக் கேட்டுக்கிட்டா உள்ளேயே இருந்திருப்பாங்க," என்றான் டூயி சமையலறையிலிருந்து. அவன் சிகரெட்டை வாயில் வைத்து அடுப்பின்மேல் குனிந்திருந்தான். "சிகரெட் பத்தவைக்கக்கூட ஒதவாத அடுப்பு. ஷெரிஃப், நெருப்பு இருக்கா?"

"வெளிய போயிப் புகை," என்றார் வெர்லீன். அவர் கதவின் தாழ்நாக்கைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாண்டுகளாகப் பயன்படாமல் துருவேறிய அந்த நாக்கின் மேல்விளிம்பில், ஒரு கோடு மட்டும் வெள்ளியாய் மின்னியது. எங்கோ நுழைந்து, உரசிக்கொண்டு வெளியேறிய கோடு.

அவர் வெளியே இறங்கி வீட்டைச் சுற்றி வந்தார். பின்மூலையில், தரைக்கும் வீட்டுக்கும் இடையிலான செங்கல் சுவரில் இரண்டு விரல் நுழையுமளவு விரிசல் ஒன்று ஓடியது. அதற்குள் குளவிக்கூடு ஒன்று இருந்தது. அல்லது, ஒருகாலத்தில் கூடாயிருந்த ஏதோ ஒன்று இருந்தது.

"டூயி, இதப் பாரு."

"எவனோ குச்சியால குத்தியிருக்கான்."

"குச்சியால குத்துனா ஓட்டை விழும். இது ரெண்டு பக்கமும் அப்பளமா ஒட்டியிருக்கு. உள்ள இருந்த புழுவெல்லாம் கூழு. இந்த விரிசல் வாய மூடி, மென்னு, திரும்பத் தொறந்திருக்கு."

டூயியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு அடியிலுள்ள இடைவெளிக்குள் தவழ்ந்து நுழைந்தான். உள்ளே லெட்பெட்டரின் ஆட்கள் உடைத்துவிட்டுப் போன தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்துகொண்டே இருந்தது. வெளியே ஆகஸ்ட் மாத வறட்சி, உள்ளே சேறு. அவன் திரும்பி வந்தபோது கண்களைத் தவிர மற்றவை அனைத்தும் களிமண்.

"வட்டமா மூணு பள்ளம், மிஸ் வெர்லீன். வெளிம்பு கத்தி மாதிரி இருக்கு, புதுசு. நேர் மேல உத்தரத்துல ஜாக்கித் தலை கடிச்ச தடம். ஜாக்கி இல்ல. இந்த மூலையத் தூக்கியிருக்கான். அப்புறம் எறக்கியிருக்கான்."

வெர்லீன் ஷெரிஃபிடம் திரும்பினார். "மூலை எறங்குனதால கதவு நிலை கோணலாச்சு, கதவு மூடல. மூலையத் தூக்குனா நிலை நேராகும், கதவு மூடும். உள்ள பிடி இல்ல, அதனால அந்தம்மாவால திறக்க முடியல. அவன் ஜாக்கிய எறக்கினதும் நிலை மறுபடியும் கோணலாச்சு. நாக்கு நழுவி வெளிய வந்துச்சு. கதவு தானாத் திறந்துச்சு. அந்தம்மா சொன்னது ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல."

ஷெரிஃப் தம் தாடையைச் சொறிந்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு. தூக்குனது யாரு? பஸ் ஓட்டுற பொம்பள. பஸ் ஷெட்டுல இல்லாத ஜாக்கியா? அந்தம்மாவே தூக்கி எறக்கிட்டுக் கதை சொல்றாங்கன்னு வக்கீலு சொல்லுவாரு. எனக்குக் கதவு வேணாம் மேடம். ஆளு வேணும். பொழுது சாயறதுக்குள்ள கொண்டு வந்தா நானே விலங்கக் கழட்டுறேன்."

வெர்லீனின் கைப்பேசி ஒலித்தது. வாரியத்தின் தலைமை ஆய்வாளர் டால்மட்ஜ் ரஸ்க். உரிமத்தேர்வின் வினாத்தாளை எழுதுபவர் அவர். வெர்லீன் உட்பட அந்த வட்டாரத்தில் தேர்ச்சி பெற்றவர் அனைவரும் அவருடைய வகுப்பில் அமர்ந்தவர்களே. எரிவாயுவை மூடாமல் ஜாக்கியைத் தொட்டான் என்பதற்காக, சென்ற மார்ச் மாதம் ஒரு தொழிலாளியை ஊர் பார்க்க அறைந்தவர். ஃபெல்டர் தெருச் சவப்பெட்டிகளின் முன்னால் அழுதவர்.

"வெர்லீன், எங்க இருக்க?"

"மிஸ் லாட்டி வீட்டுல, சார். இன்னிக்கு அளக்கச் சொல்லியிருந்தாங்களே."

"அளக்க வேணாம்மா. செத்த எடத்துல என்னத்த அளக்கிறது. கொலை ஷெரிஃப் வேலை, லைசென்ஸ் நம்ம வேலை. அந்த வீடு சரியா இருக்குன்னு போன வருசமே நான் கையெழுத்துப் போட்டாச்சு. திரும்பி வா."

"வரேன் சார்," என்றார் வெர்லீன். ஆனால் வண்டியை எதிர்த்திசையில் திருப்பினார்.

*

நெடுஞ்சாலையோரக் கெளுத்திமீன் கடையின் பின்புறத்தில் ராய்ஸ் லெட்பெட்டரின் களம் இருந்தது. துருப்பிடித்த ஜாக்கிகள் கல்லறைக் கற்களைப்போல் வரிசையாக நின்றன. லெட்பெட்டர் வறுத்த மீனைத் தின்றுகொண்டே அவர்களைப் பார்த்தான்.

"அட, டூயி. இன்னுமா அந்தம்மாவோட பைய தூக்கிட்டுத் திரியற?"

"பை கனமில்ல, ராய்ஸ். உன்கிட்ட வேலை பாத்தப்போ நான் பொணத்தத்தான் தூக்கினேன்."

லெட்பெட்டர் தட்டை வைத்தான். ஜாக்கியின் இரும்புப்பிடியை எடுத்தான். அவன் அதைச் சுழற்றிய வேகத்தில் டூயி பாதிதான் விலக முடிந்தது. பிடியின் முனை அவன் வாயில் பட்டது. பல் ஒன்று சரளையில் விழுந்தது. இரண்டாம் அடிக்கு லெட்பெட்டர் கையை ஓங்கியபோது, நூலில் கட்டிய தூக்குக்குண்டு காற்றில் விசிலடித்து வந்து அவன் மணிக்கட்டில் இறங்கிற்று. எலும்பு முறிந்த ஒலி கடையின் முன்புறம்வரை கேட்டிருக்கும். அவன் மண்டியிட்டான். வெர்லீன் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு அடுத்த கையையும் பார்த்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் லாட்டி வீட்ட எதுக்குத் தூக்கின?"

"நானா? கெடுத்த வீட்டுக்கு எவனாவது திரும்பிப் போவானா?" வலியிலும் அவன் சிரித்தான். "புதன்கிழமை நான் ஜாக்சன்ல என் வக்கீலு மடியில உக்காந்திருந்தேன். போய்க் கேளு."

"பாய்கின் வாயத் தொறந்தா நீ ஜெயிலுக்குப் போவ. ஃபெல்டர் தெருவுல நாலு பேரக் கொன்ன."

"நான் கொல்லல. கேஸு கொன்னுச்சு. எரநூறு வீடு தூக்கியிருக்கேன், ஒரு கேஸு மீட்டரத் தேடிப் போனது கெடையாது. லாட்டி வீட்ட மொதல்ல தூக்குறப்போ அந்தம்மா அடுப்புல காபி கொதிச்சுது. அத ஊத்திக் குடிச்சுக்கிட்டேதான் தூக்கினேன். கேஸ மூடுறது, குறடு எடுத்துக்கிட்டு அலையறது, இதெல்லாம் பரிச்சை எழுதுற பசங்களுக்கு."

வெர்லீன் தூக்குக்குண்டை இடுப்பில் மாட்டினார்.

"டூயி. வண்டில ஏறு."

"என் பல்லு," என்றான் டூயி, சரளையைத் துழாவிக்கொண்டு.

"அடுப்பு எரியலன்னு சொன்னியே. ஏறு."

*

லாட்டி வீட்டின் பக்கச்சுவரோரம் அடர்ந்திருந்த பூம்புதருக்குப் பின்னால் எரிவாயு மீட்டர் இருந்தது. அதன்மேலிருந்த சிலந்தி வலை பாதி கிழிந்து தொங்கியது. குழாயின் வால்வு குறுக்கே திருப்பப்பட்டிருந்தது. குறடு கடித்த இடத்தில் பித்தளை பளபளத்தது.

"மூடியிருக்கு," என்றான் டூயி. உதடு வீங்கியதால் அவன் பேச்சுக் குழறியது. "அப்போ தூக்குனவன் ராய்ஸ் இல்ல. பரிச்சை பாஸ் பண்ணவன். முதல் கேள்வி அதானே. வீட்டத் தூக்குறதுக்கு முன்னாடி என்ன செய்வீர்? நான் மூணு தடவையும் 'சாமி கும்பிடுவேன்'னு எழுதினேன்."

"பாய்கினும் பாஸ் பண்ணவருதான்."

"அதான் விசயம். பாவம், கெழவருக்கு மனசு உறுத்தியிருக்கும். தன் பேர்ல கெட்ட வீட்டத் தானே சரி பண்ண வந்திருப்பாரு. வந்த எடத்துல..."

வெர்லீன் பிணத்தின் புகைப்படத்தை அவன் கையில் கொடுத்தார். சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. வெள்ளைச் சட்டை. சட்டையெல்லாம் இரத்தம்.

டூயி புகைப்படத்தைப் பார்த்தான். பிறகு தன் சட்டையைப் பார்த்தான். அது செங்கல் சூளையிலிருந்து எடுத்ததுபோல் விறைத்திருந்தது.

"களிமண்ணே இல்ல," என்றான் மெதுவாக. "அந்த அடியில போயிட்டு வந்தவனப் பொண்டாட்டிகூட வீட்டுக்குள்ள விடமாட்டா."

வெர்லீன் கைப்பேசியை எடுத்தார். "ரஸ்க் சார், மன்னிச்சுக்குங்க, சொன்ன பேச்சக் கேக்கல. ஆனா விசயம் முடிஞ்சுது. வீட்டத் தூக்குனது பாய்கின்தான். லாட்டி வந்து பாத்து அடிச்சிருக்காங்க. டூயி வீட்டத் தூக்கிக் காட்டுவான். நீங்க ஒரு தடவ பாத்துக் கையெழுத்துப் போட்டா ஷெரிஃப் வழக்க முடிச்சிடுவாரு."

அவர் பேசி முடித்ததும் டூயி வாயைத் திறந்தான். "மிஸ் வெர்லீன், இப்பத்தானே நாம..."

"வாய மூடிட்டு ஜாக்கிய எறக்கு. வால்வத் தொடாத. அது இருக்கிறபடியே இருக்கட்டும்." பிறகு ஷெரிஃபை அழைத்தார். "வரும்போது உங்க சுருட்ட மறக்காம கொண்டு வாங்க."

*

டால்மட்ஜ் ரஸ்க் வெள்ளைத் தொப்பியும், தாளில் பொதிந்த சூடான வேகவைத்த நிலக்கடலையுமாக வந்து இறங்கினார். ஷெரிஃபுக்கு ஒரு கை, வெர்லீனுக்கு ஒரு கை என்று கடலையைப் பகிர்ந்தார். ஷெரிஃப் நடையிலேயே சுருட்டைப் பற்றவைத்தார். புகை, உறைந்த இரத்தத்தின்மேல் மிதந்து சமையலறைக்குள் சென்றது.

"பாய்கின் நல்ல மனுசன்," என்றார் ரஸ்க், கடலையை உரித்துக்கொண்டு. "கடைசிக் காலத்துல மனசாட்சி அறுத்திருக்கு."

"டூயி, தூக்கு," என்றார் வெர்லீன் தரையை நோக்கி.

அடியில் ஜாக்கி முனகிற்று. வீடு முனகிற்று. சமையலறைத் தட்டுகள் சிணுங்கின. மேலேயிருந்து தூசு இறங்கிற்று. சுவரின் விரிசல்கள் மெல்ல இறுகின. ரஸ்க் மற்றொரு கடலையை உரித்தார். வெர்லீன் பின்னறைக் கதவை ஒற்றை விரலால் தள்ளினார். மூன்றாண்டுகளாக மூடாத கதவு நிலையில் பொருந்தி, 'க்ளிக்' என்றது. ஷெரிஃபின் சுருட்டு வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"பிரமாதம்," என்றார் ரஸ்க். "எங்க கையெழுத்து?"

வெர்லீன் வெளிக்குமிழைத் திருகிக் கதவைத் திறந்துவிட்டார். "சார், நீங்க ஒண்ணு கேக்கலையே."

"என்ன?"

"கேஸ மூடினானான்னு."

ரஸ்கின் விரல்கள் கடலையோட்டின்மேல் நின்றன.

"போன மார்ச்சுல இதே மாதிரி ஒரு வீட்டு முன்னாடி ஒரு பையன அறைஞ்சீங்க. அவன் ஜாக்கியத் தூக்கக்கூட இல்ல, தொட்டான். முப்பது வருசமா யாரு ஜாக்கிகிட்டப் போனாலும் நீங்க மொதல்ல மீட்டருக்குத்தான் ஓடுவீங்க. இன்னிக்கு வீடு ஏறுது, ஷெரிஃப் கையில நெருப்பு இருக்கு, தூக்குறவன் மூணு தடவ பெயிலானவன். நீங்க கடலை தின்னுக்கிட்டு நின்னீங்க."

"நீ மூடியிருப்பன்னு..."

"எங்க வகுப்புலயே சொல்லுவீங்க, சார். அடுத்தவன் மூடியிருப்பான்னு நம்புறவன் பொணந்தான்னு."

ஷெரிஃப் மெதுவாகச் சமையலறைக்குள் சென்று அடுப்பின் குமிழைத் திருகினார். சீறல் இல்லை. மற்றொன்றையும் திருகினார். "கேஸு இல்லியே," என்றார் அங்கிருந்தே.

"இல்ல. புதன்கிழமையிலேர்ந்து மூடியிருக்கு. அத மூடுனது யாரோ, அவனுக்கு மட்டுந்தான் இன்னிக்கு பயப்பட வேண்டிய அவசியமே இல்ல. பாய்கின் திங்கட்கிழமை உங்க பேரச் சொல்றதா இருந்தாரு. நான் இன்னிக்கு வந்து அளந்தா, நீங்க வராமலே கையெழுத்துப் போட்ட வீடு கோணலா இருக்கிறது தெரிஞ்சுடும். அதுக்குத்தான் அவங்க சர்ச்சுக்குப் போன நேரமாப் பாத்து மூலையத் தூக்க வந்தீங்க. பாய்கின் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்து உங்களப் பாத்துட்டாரு. அவரக் கொன்னுட்டு, வேலையப் பாதியில விட்டு ஜாக்கிய எறக்கி எடுத்துக்கிட்டு ஓடினீங்க."

கடலைப் பொட்டலம் தரையில் விழுவதற்குள் ரஸ்கின் கை வெர்லீனின் இடுப்பிலிருந்த மட்டப்பலகையைப் பறித்துவிட்டது. இரும்பு விளிம்பு வெர்லீனின் நெற்றியில் இறங்கிற்று. இரத்தம் கண்ணை மறைத்தது. ரஸ்க் அவருடைய தலைமயிரைப் பற்றிப் பின்னறைக்குள் இழுத்தான். மறுகை கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவிற்று. வெர்லீன் அந்தக் கையைக் கடித்தார். பற்கள் எலும்பைத் தொடும்வரை விடவில்லை. அவன் அலறி உதறியபோது அவர் நடையில் மல்லாந்து விழுந்தார். விழுந்தவாறே, இரண்டு கால்களையும் சேர்த்துக் கதவை உதைத்தார்.

க்ளிக்.

கதவின் வழியாக இரண்டு குண்டுகள் வந்தன. ஒன்று எதிர்ச்சுவரில் புதைந்தது. மற்றொன்று ஷெரிஃபின் காதுமடலில் ஒரு துண்டைக் கொண்டுபோயிற்று. சமையலறையிலிருந்து ஓடி வந்த ஷெரிஃப் தரையோடு தரையாகப் படுத்துத் துப்பாக்கியை நீட்டினார். உள்ளே தோள் ஒன்று கதவில் மோதிற்று; மீண்டும் மோதிற்று. பிறகு பலகையை நகங்கள் பிறாண்டும் ஒலி கேட்டது. லாட்டி பிறாண்டிய அதே பலகை, அதே இடம்.

"உள்ள பிடி இல்ல," என்றார் வெர்லீன், இரத்தத்தைப் புறங்கையால் வழித்துக்கொண்டே. "தயாரா, ஷெரிஃப்?"

ஷெரிஃப் தலையசைத்தார். காதிலிருந்து வழிந்த இரத்தம் அவருடைய பித்தளைச் சின்னத்தின்மேல் சொட்டிற்று.

வெர்லீன் குதிகாலால் தரையைத் தட்டினார். "டூயி, எறக்கு."

வீடு நீண்டதொரு பெருமூச்சு விட்டது. சுவர்க்காரை உதிர்ந்தது. தாழ்நாக்கு இரும்பை உரசிக்கொண்டு நழுவியது. கதவு தெறித்துத் தானாகத் திறந்தது.

காரைப்பொடியில் வெளுத்து, நகம் பிய்ந்து நின்ற ரஸ்க் துப்பாக்கியை உயர்த்தினான். ஷெரிஃப் ஒருமுறைதான் சுட்டார். தோள் சிதறியது. துப்பாக்கி தரைப்பலகையில் உருண்டது.

பிறகு ஷெரிஃப் கதவைப் பார்த்துக்கொண்டே, "தானாத் திறந்துச்சு," என்றார்.

வெர்லீன் ரஸ்கின் அருகே குனிந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஃபெல்டர் தெருவுக்கும் போய்ப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டீங்க. ஒரு கெழவரு மண்டைய ஜாக்கிப்பிடியால பொளந்தீங்க. இதெல்லாம் செய்ய மனசு வந்தவருக்கு, கேஸ மட்டும் மூடணும்னு ஏன் தோணுச்சு?"

ரஸ்க் அவரை விளங்காதவன்போல் பார்த்தான். தோளிலிருந்து இரத்தம் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"மூடாமத் தூக்குனா ஆபத்தில்லையா, வெர்லீன்," என்றான்.

*

பொழுது சாயும் நேரத்தில் ஷெரிஃப் பர்விஸ் தம் கையாலேயே விலங்கைக் கழற்றி லாட்டியை வீட்டுவாசலில் இறக்கிவிட்டார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. காதில் கட்டியிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

லாட்டி நடையிலிருந்த கறையைத் தாண்டிச் சமையலறைக்குச் சென்றார். டூயி வெளியே சென்று வால்வைத் திறந்துவிட்டு வந்து, அடுப்புக்குள் தலையை விட்டு, அதைப் பற்றவைக்கும் சிறுசுடரை ஏற்றினான். நீலச் சுடர் வட்டமாக நின்றது. லாட்டி காபிக்குத் தண்ணீர் வைத்தார். நகமில்லாத விரல்களால் பாத்திரத்தைப் பிடிக்க முடியவில்லை, உள்ளங்கைகளால் பிடித்தார்.

அவருடைய கண்கள் பின்னறையின் பக்கம் போயின. கதவு, வழக்கம்போல் மூடாமல், இரண்டு விரல் இடறி நின்றது. நடுவில் இரண்டு குண்டுத் துளைகள்.

"நாளைக்கு ஒரு புதுப்பிடி வாங்கி உள்பக்கம் மாட்டித் தரேன், மிஸ் லாட்டி," என்றான் டூயி.

"வேணாம் தம்பி. கதவையே கழட்டி எடுத்துட்டுப் போயிடு."

டூயி, நெற்றியில் கட்டுடன் நாற்காலியில் சாய்ந்திருந்த வெர்லீனைத் திரும்பிப் பார்த்தான். பல் போன இடத்தை நாக்கால் துழாவினான்.

"லைசென்ஸ் இல்லாத ஆளு கழட்டலாமா, மிஸ் வெர்லீன்?"

"கதவுக்கு வேணாம்," என்றார் வெர்லீன். "கழட்டு."